மூக்கெலும்பில் தொடங்கும் பயிற்சி

அமெரிக்காவின் அல்பாக்கா கண்காட்சிகளில் பெரிய மவுசு ரோமத்துக்குத்தான். எனக்கென்னவோ அங்கேயே நடக்கும் தடைப் போட்டிதான் சுவாரசியமாகப் படுகிறது. சின்ன மரப்பாலம் ஏற வேண்டும், தாழ்ந்த குறுக்குக் கம்பைத் தாண்ட வேண்டும், கழிகளுக்கிடையே வளைந்து நடக்க வேண்டும், பின்னோக்கியும் போக வேண்டும். ரோமத்துக்கு இங்கே மதிப்பெண் கிடையாது. கயிற்றைப் பிடித்தவர் விலங்கை இழுத்துக்கொண்டு போகிறாரா, அது தானாக வருகிறதா என்பதைத்தான் நடுவர் பார்ப்பார்.

தானாக வரவைப்பது லேசுப்பட்ட காரியமல்ல. ஆண்டிஸ் மலையில் 6,000 ஆண்டுகளுக்கு முன்பே விக்குன்யா என்ற காட்டு விலங்கிலிருந்து பழக்கப்பட்ட இனம் அல்பாக்கா. சுமை தூக்க லாமா என்ற விலங்கு இருந்ததால் அல்பாக்காவை முக்கியமாக ரோமத்துக்காக மந்தையாக வளர்த்தார்கள். மந்தையை விட்டுத் தனியே பிரிந்தால் ஆபத்து என்பது அதன் ரத்தத்தில் ஊறியது.

இதைவிடப் பெரிய சிக்கல் மூக்கில் இருக்கிறது. கயிறு மாட்டும் முகப்பட்டை கண்ணுக்குச் சற்றுக் கீழே, எலும்பின்மேல் உட்கார வேண்டும். அல்பாக்காவுக்கு அந்த எலும்பு மிகக் குட்டை. பட்டை கொஞ்சம் சரிந்தாலே குருத்தெலும்பை அமுக்கும். பெரும்பாலும் மூக்கால் மட்டுமே மூச்சுவிடும் பிராணி, மூச்சு முட்டினால் என்ன செய்யும்? தலையை உதறும், துள்ளும், அப்படியே மண்டிபோட்டு உட்கார்ந்துவிடும். ‘சரியான முரடு’ என்று பெயர் வாங்கிக்கொள்ளும். சரியாமல் இருக்கட்டும் என்று மூக்கைச் சுற்றி இறுக்கினாலோ அசைபோட முடியாது. பின்தலைப் பட்டையை ஒட்டக் கட்டி, மூக்குப் பட்டையில் தாடை அசைய இடம்விட வேண்டும். அமெரிக்கப் பயிற்சியாளர் மார்ட்டி மெகீ பென்னட் பல்லாண்டுகளாகச் சொல்லிவருவது இதைத்தான்.

பட்டை சரியானால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. கயிறு இறுகினால் அல்பாக்கா எதிர்ப்பக்கம் சாயும். ஓர் அடி முன்னே வைத்த அந்தக் கணமே கயிற்றைத் தளர்த்தினால் சங்கதி அதற்குப் புரிந்துவிடும். சிலர் ‘கிளிக்’ என்று ஒலிக்கும் கிளிக்கர் என்ற சிறு கருவியைத் தட்டி, உடனே ஒரு வாய் தீவனம் கொடுப்பார்கள். பாலத்துக்கு முதலில் வெறும் பலகையைத் தரையில் போட்டுப் பழக்குவார்கள். மெத்தென்ற பாதம், பலகையின் ஆட்டத்தையும் சத்தத்தையும் சந்தேகப்படும். ஒரு கால் வைத்தால் அன்றைக்கு அது போதும். பழகிய இன்னொரு அல்பாக்கா முன்னால் நடந்தால் வேலை சுலபம். ‘ம்ம்ம்’ என்று முனகினால் கவலையில் இருக்கலாம். காதைப் பின்னால் மடித்து முகவாயைத் தூக்கினால், துப்பப் போகிறது, நகர்ந்துகொள்வது நல்லது.

பழக வேண்டும் என்பதற்காகக் குட்டியை மடியில் போட்டுக் கொஞ்சினால் வினையாகும். புட்டிப்பால் குடித்து மனிதரோடே வளர்ந்த ஆண் குட்டி, மனிதரையும் தன் இனமாக எண்ணிக்கொள்ளும். பருவம் வந்ததும் போட்டி ஆணை முட்டுவதுபோல மார்பால் மோதும், கடிக்கும். அதனால் குட்டியைத் தாயோடும் மந்தையோடும் விட்டுவிட்டு, பால் மறந்த பிறகு, ஆறு மாத வாக்கில்தான் பலர் முகப்பட்டையைக் கையில் எடுக்கிறார்கள். அதுவும் ஒரு தடவைக்குச் சில நிமிடங்கள்தான்.