பன்னாட்டு உறவுகள் படிக்க யார் போவது? காரியாபட்டியிலிருந்து ஒரு கணக்கு

2025ஆம் ஆண்டு தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகைக்கு 106 பேரைத் தேர்வு செய்த ஒன்றிய சமூக நீதி அமைச்சகம், ஜூலையில் முதற்கட்டமாக 40 பேருக்கு மட்டுமே தற்காலிக ஒப்புதல் கடிதம் அனுப்பியது. எஞ்சிய 66 பேருக்குச் சொல்லப்பட்டது, நிதி இருந்தால் கடிதம் வரும் என்பதுதான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் பெற்று, சில வாரங்களில் வகுப்பு தொடங்கவிருந்த நிலையில் அவர்கள் காத்திருந்தார்கள்.

உதவித்தொகை பாதி வழியில் கைவிடுவது நமக்குப் புதிதன்று. பரோடா சமஸ்தானத்தின் உதவியால் 1913இல் கொலம்பியா சென்ற அம்பேத்கர், இலண்டனில் ஆய்வு முடியாத நிலையில் 1917இல் திரும்ப நேர்ந்தது, உதவிக் காலம் முடிந்துவிட்டதால்தான். ஆசிரியப் பணியில் சேமித்ததும் நண்பரிடம் கடன் பெற்றதும் கொண்டுதான் 1920இல் மீண்டும் கப்பலேறினார். கேரளத்தின் உழவூரில் தலித் குடும்பத்தில் பிறந்த கே.ஆர். நாராயணன், ஜே.என். டாடா அறக்கட்டளையின் உதவியோடு 1945இல் இலண்டன் பொருளியல் பள்ளிக்குச் சென்று ஹெரால்டு லாஸ்கியிடம் அரசியல் பயின்றார். 1949இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்து, சீனாவிலும் அமெரிக்காவிலும் தூதராக இருந்து, 1997இல் குடியரசுத் தலைவரானார். ஒன்றிய அரசின் திட்டம் தொடங்கியதோ 1954–55இல். அவர் கப்பலேறிய நாளில் அப்படியொரு கதவே இல்லை.

பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் போகலாமே, பன்னாட்டு உறவுகள் எதற்கு என்று கேட்பவர் நம் வீடுகளிலேயே உண்டு. 2001இல் டர்பனில் நடந்த இனவெறிக்கு எதிரான ஐ.நா. மாநாட்டை அவர்களுக்கு நினைவூட்ட வேண்டும். சாதி இனம் அன்று, ஆகவே அங்கே பேசுபொருளாகாது என்றது இந்திய அரசு. தலித் இயக்கங்கள் வாயிலில் நின்று வாதாடின. அடுத்த ஆண்டே, இனப் பாகுபாடு ஒழிப்புக் குழு தன் 29ஆம் பொதுப் பரிந்துரையில், பிறப்பு வழியான பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று எழுதியது. அந்த அறைக்குள் வரைவுகளைத் திருத்துவோர் கற்ற படிப்பு இதுவே.

மதுரைக்கும் அருப்புக்கோட்டைக்கும் இடையிலுள்ள காரியாபட்டியில் இளங்கலை இறுதியாண்டு படிக்கும் ஒரு மாணவியை எண்ணிப் பாருங்கள். பன்னாட்டு அரசியலை அவர் நூலகத்தில் தேட வேண்டியதில்லை. சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் குழந்தைகள் உழைத்ததைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. பின்னர் அமெரிக்கத் தொழிலாளர் துறையும் இந்திய அரசும் பணம் போட்டு, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் வழியே நடத்திய இந்தஸ் குழந்தைத் தொழிலாளர் ஒழிப்புத் திட்டத்துக்குத் தெரிவான மாவட்டங்களுள் விருதுநகரும் ஒன்று. குழந்தை உழைப்பைப் பற்றிய 138, 182ஆம் உடன்படிக்கைகளை இந்தியா ஏற்றதோ 2017இல்தான். வாஷிங்டனும் ஜெனீவாவும் டெல்லியும் இம்மாவட்டத்தைப் பற்றி முடிவெடுத்தபோது, அந்த மேசையில் இவ்வூர்ச் சேரியிலிருந்து யார் இருந்தார்கள்? விண்ணப்பத்தோடு அனுப்பும் நோக்க அறிக்கைக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. பட்ட துயரை மட்டும் எழுதி இரக்கம் தேடும் அறிக்கையை விட, கேள்வி கேட்கும் அறிக்கையே தேர்வுக் குழுவை நிறுத்தி வாசிக்க வைக்கும் என்பது என் எண்ணம்.

ஆனால் இங்கேதான் முள் இருக்கிறது. 2022இல் ஒன்றிய அரசு தன் வழிகாட்டு நெறியில் ஒரு வரி சேர்த்தது: இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியாவைக் களமாகக் கொண்ட சமூக ஆய்வு ஆகியவற்றுக்கு இந்த உதவி இல்லை. பட்டியல் சாதி மாணவர்களுக்கென்றே உண்டான திட்டம், சாதியைப் படிக்கப் பணம் தராது என்கிறது! இதை எதிர்த்துப் போராடத்தான் வேண்டும். அதுவரை விண்ணப்பிக்கவும் வேண்டும். 29ஆம் பொதுப் பரிந்துரை இந்தியாவை மட்டும் பேசவில்லை. ஜப்பானின் புராக்குமின், ஏமனின் முஹமஷீன், மேற்கு ஆப்பிரிக்கச் சாதிக் குழுக்கள் எனப் பிறப்பால் ஒடுக்கப்பட்டோர் உலகெங்கும் உள்ளனர். அவர்களோடு ஒப்பிட்டு எழுதப்படும் ஆய்வுத் திட்டம் தந்திரம் அன்று. அதுவே இத்துறையின் இயல்பான முறை.

இந்தத் திட்டத்தின் 125 இடங்களில் 115 பட்டியல் சாதியினருக்கு உரியவை. மொத்தத்தில் 30 விழுக்காடு பெண்களுக்கு. வயது 35க்குள், மதிப்பெண் 60 விழுக்காடு, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 இலட்சத்துக்குள் இருக்க வேண்டும். கியூஎஸ் தரவரிசையில் முதல் 500க்குள் வரும் நிறுவனமாகவும் இருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையில் நம் துறை மாணவர்கள் இடறுவதுண்டு. ஜெனீவா பட்டமேற்படிப்பு நிறுவனமும் பெர்லினின் ஹெர்ட்டி பள்ளியும் இத்துறையில் பெரும் பெயர் பெற்றவை. சிறப்புத் துறை நிறுவனங்கள் என்பதால் ஒட்டுமொத்தத் தரவரிசையில் அவை இடம்பெறுவதே இல்லை. பெயரை மட்டும் நம்பி விண்ணப்பித்தால் ஓராண்டு வீணாகும்.

தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டம் ஆண்டுக்கு 36 இலட்சம் ரூபாய் வரை தருகிறது; சமூக அறிவியலும் சட்டமும் அதன் பட்டியலில் உண்டு. கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடரையும் இது ஏற்கிறது. 1950ஆம் ஆண்டு ஆணையின் காரணமாக ஒன்றியத் திட்டம் அவர்களுக்கு அடைத்த கதவு. விருதுநகர் ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலரிடம் கேட்டு அவ்வாண்டின் அறிவிப்பை வாங்கி வாசிப்பது நல்லது. விதிகள் மாறிக்கொண்டே இருக்கும்.

களத்தில் உழைக்கும் தோழர்களுக்குப் பிரிட்டனின் செவனிங் பொருந்தும். அது 2,800 மணிநேரப் பணி அனுபவம் கேட்கிறது. தன்னார்வப் பணியும் அதில் சேரும். படித்த உடனே போக விரும்புவோர் ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டுப் படிப்புகளைத் தேடலாம்; மாதம் 1,400 யூரோ. இரண்டுமே உலகப் போட்டி, ஒதுக்கீடு கிடையாது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும் சுவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒன்றியத் திட்டம் நிபந்தனையற்ற சேர்க்கைக் கடிதத்தைக் கேட்கிறது. அக்கடிதம் வர ஆங்கிலத் தேர்வு எழுதியிருக்க வேண்டும். ஐஇஎல்டிஎஸ் கட்டணம் 18,000 ரூபாயை ஒட்டி வரும், கடவுச்சீட்டுக்கு 1,500, பிறகு விண்ணப்பக் கட்டணங்கள், சில பல்கலைக்கழகங்களில் முன்பணம். உதவித்தொகை தொடங்கும் முன்பே கையிலிருந்து போகும் இப்பணம், பட்டாசு ஆலையில் நாட்கூலி பெறும் குடும்பத்துக்குப் பல மாத வருமானம். தகுதியால் அன்று, இந்த இடைவெளியால்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். நம் அமைப்புகள் ஒரு சிறு சுழல்நிதி வைத்து, உதவித்தொகை வந்ததும் திருப்பித் தரும்படி முன்பணம் கொடுத்தால், பத்துக் கருத்தரங்குகளை விடப் பயனுண்டு. கட்டண விலக்குக் கேட்டு மின்னஞ்சல் எழுதவும் மாணவர்கள் கூசக் கூடாது. ஆங்கில வழியில் படித்ததற்கான கல்லூரிச் சான்றையே ஏற்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு.

ஒன்றியத் திட்டத்தின் இணையதளம் வழக்கமாக பிப்ரவரி நடுவில் திறந்து மார்ச் இறுதியில் மூடும். ஆகவே காரியாபட்டி மாணவி முந்தைய ஜூலையிலேயே வட்டாட்சியர் அலுவலகத்தில் வருமானச் சான்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும். சாதிச் சான்றிலும் கடவுச்சீட்டிலும் பெயரின் முதலெழுத்து ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். செப்டம்பரில் ஆங்கிலத் தேர்வு, டிசம்பருக்குள் விண்ணப்பங்கள். பரிந்துரைக் கடிதம் தரும் பேராசிரியரிடம் அக்டோபரிலேயே சொல்லிவிடுவது மேல். தேர்வுத்தாள் திருத்தும் காலத்தில் அவரைப் பிடிப்பது கடினம்.