ஃபேன் பெல்ட் கத்தினால் என்ன செய்வது?

புனேயில் உள்ள நம் சங்கக் குடும்பங்களில் சிலர் இன்னமும் பழைய அம்பாசிடரையும் மாருதி 800-ஐயும் பிள்ளை போலப் பராமரித்து வருகிறார்கள். இவ்விரண்டின் உற்பத்தியும் 2014-இல் நின்றுவிட்டது. மழைக்காலக் காலையில் வண்டியைக் கிளப்பியதும் 'கிரீச்' என்று பெல்ட் கத்துவது பற்றி, ரயில்வேயில் பொறியாளராக இருந்தவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். கேட்டவர்களில் சிலர் பெல்ட்டில் சோப்பு தேய்த்தவர்கள்; சிலர் பலங்கொண்ட மட்டும் இறுக்கியவர்கள். இரண்டும் வேண்டாம்.

வி-பெல்ட் தன் இரு பக்கச் சரிவுகளால்தான் புல்லியின் பள்ளத்தைக் கவ்விப் பிடிக்கிறது. பிடி தளர்ந்தால் வழுக்கும். அந்த உராய்வே கத்தல். ஸ்டார்ட் செய்தவுடன் பாட்டரிக்கு சார்ஜ் ஏற்ற டைனமோ அல்லது ஆல்டர்னேட்டரின் பாரம் கூடுவதால் அப்போது சத்தம் அதிகம். இதே பெல்ட்தான் வாட்டர் பம்ப்பையும் சுற்றுகிறது. விடுமுறைக்கு ஊருக்குப் போகும் வழியில் கம்பாட்கி மலைப்பாதை ஏறும்போது அது வழுக்கினால் எஞ்சின் கொதித்து ஹெட் காஸ்கெட் போய்விடும். பெல்ட்டின் விலையைப் போல் பல மடங்கு செலவு!

எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, சூடு ஆறிய பின் பாருங்கள்:

1. பெல்ட்டைத் திருகிப் பக்கங்களைப் பாருங்கள். வெடிப்போ கண்ணாடி போன்ற பளபளப்போ இருந்தால் மாற்றவேண்டியதுதான். எண்ணெய் படிந்திருந்தால் முதலில் கசிவை நிறுத்திவிட்டுப் புது பெல்ட் போடுங்கள்.

2. இரு புல்லிகளுக்கு இடையே நீளமான பகுதியைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். ஏறத்தாழ அரை அங்குலம் அமுங்கலாம். அதற்கு மேல் அமுங்கினால், டைனமோவின் போல்ட்களைத் தளர்த்தி, ஒரு மரக்கட்டையால் அதை வெளிப்பக்கம் நெம்பிப் பிடித்தபடி போல்ட்களை முடுக்குங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் சத்தம் நிற்கும். ஆனால் வாட்டர் பம்ப், டைனமோ பேரிங்குகள் சீக்கிரம் தேயும்.

3. புது பெல்ட்டும் வழுக்குகிறதா? புல்லிப் பள்ளத்தின் அடி மின்னுகிறதா என்று பாருங்கள். மின்னினால் பக்கங்கள் தேய்ந்து, பெல்ட் அடியில் உட்கார்ந்துவிட்டது என்று பொருள். புல்லியைத்தான் மாற்றவேண்டும்.

4. பெல்ட்டைக் கழற்றி ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றுங்கள். கரகரத்தாலோ ஆடினாலோ குற்றவாளி பேரிங்.

புது பெல்ட் சில நாட்களில் சற்று நீளும்; மறுபடி பார்த்துச் சரிசெய்யுங்கள். ரயில் பெட்டிக்கு அடியில் ஆல்டர்னேட்டரைச் சுற்றும் பெல்ட்களில் ஒன்று கெட்டாலும் செட்டாகவே மாற்றுவது வழக்கம். இல்லாவிட்டால் புதியதே முழுப் பாரத்தையும் சுமக்கும். ஒரே புல்லியில் இரட்டை பெல்ட் உள்ள வண்டிகளுக்கும் இதே விதி.

நெடும்பயணத்தில் ஒரு உபரி பெல்ட்டும் அதற்கான ஸ்பானர்களும் டிக்கியில் இருக்கட்டும். சிவப்பு சார்ஜ் விளக்கு எரிந்து வெப்பமானி முள்ளும் ஏறினால் 'அடுத்த ஊர்வரை போகலாம்' என்று எண்ணாமல் அங்கேயே ஓரங்கட்டுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.