உடன்குடியிலிருந்து சங்கீத விழாவுக்கு

சென்னையில் மார்கழி மாதம் நடக்கும் சங்கீத விழாவைப் பற்றி நம் தென்பாண்டிச் சீமையில் ஓர் எண்ணம் வேரூன்றியிருக்கிறது. அது மோட்டார் வைத்திருக்கும் பட்டணத்துக் கனவான்களுக்கு ஏற்பட்ட விழா; தேரி மணலுக்கும் கருப்பட்டி மணத்துக்கும் நடுவே உடன்குடியில் வாழும் நமக்கு வானொலியே போதும் என்பதுதான் அது. பாட்டுக் கற்கும் பெண் குழந்தைகள் உள்ள வீடுகளிலும் இதே பேச்சுத்தான். ஐந்து வருஷமாகக் குழந்தை வர்ணமும் கீர்த்தனமும் பாடுகிறாள். ஆனால் ஒரு முழுக் கச்சேரியை வித்வானுக்கு எதிரே உட்கார்ந்து கேட்டதில்லை! குளத்தைப் பாராமலே நீச்சல் பயில்வது போன்றதல்லவா இது?

விழா பிறந்த வரலாற்றைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடிற்று. அதையொட்டிச் சங்கீத மகாநாடு ஒன்றும் நடைபெற்றது. அதன் பயனாகவே 1928-இல் சங்கீத வித்வத் சபை தோன்றியது. தேசமெல்லாம் திரண்ட மகாசபையோடு பிறந்த விழா ஒரு நகரத்தாருக்கு மட்டும் எப்படிச் சொந்தமாகும்?

நம் ரயில் பாதையும் இதற்குச் சாட்சி சொல்லும். உடன்குடியிலிருந்து பஸ் ஏறித் திருச்செந்தூர் சேர்ந்தால், அங்கிருந்து செந்தூர் எக்ஸ்பிரஸ் சென்னைக்குப் புறப்படுகிறது. திருநெல்வேலியைத் தாண்டிக் கோவில்பட்டி வருகிறது. அதற்குக் கிழக்கே சிறிது தூரத்தில் எட்டயபுரம். முத்துஸ்வாமி தீக்ஷிதர் 1835-இல் இறைவனடி சேர்ந்த ஊர் அது. சுப்பராம தீக்ஷிதரின் பெரிய சங்கீத நூல் 1904-இல் அச்சேறியதும் அங்கேதான். பிறகு மதுரை, திருச்சி, தஞ்சாவூர். தஞ்சையை அடுத்த திருவையாற்றில் தியாகராஜர் வாழ்ந்தார். அடுத்து, முத்துத்தாண்டவரும் அருணாசலக் கவிராயரும் தமிழில் பாடிய சீர்காழி. அதன்பின் சிதம்பரம். அங்குள்ள அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் 1941-இல் கூடிய தமிழிசை மகாநாட்டின் தொடர்ச்சியாக, 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் ஏற்பட்டது. பெயர்தான் பட்டணத்து விழா; அதன் வேர்களெல்லாம் நாம் போகும் வழியில் இருக்கின்றன. குழந்தைகள் தூங்குமுன் இந்த ஊர்ப் பெயர்களைச் சொல்லி வையுங்கள். அவர்கள் பாடும் கீர்த்தனங்களுக்கு ஊரும் மண்ணும் உண்டு என்பது அப்போது விளங்கும்.

இனிக் காரியத்துக்கு வருவோம். அரையாண்டுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் மூடும் நாட்களும், சபைகளில் கச்சேரிகள் மிகுந்த நாட்களும் பெரும்பாலும் ஒன்றாகவே வருகின்றன. 2024 நவம்பர் முதல், ரயிலில் இடம் பதிவு செய்ய 60 நாள் முன்னதாகத்தான் முடியும். ஆகவே அக்டோபர் மாதத்திலேயே நாள் குறித்து, போகவும் வரவும் சேர்த்துப் பதிவு செய்வதே புத்திசாலித்தனம்.

ரயில் எழும்பூரில் நின்றாலும், தாம்பரத்தோடு நின்றுவிட்டாலும் கவலையில்லை. இரண்டும் ஒரே மின்சார ரயில் பாதையில் இருக்கின்றன. தியாகராய நகர்ச் சபைகளுக்கு மாம்பலத்தில் இறங்கலாம். மயிலாப்பூருக்கு, பார்க் ஸ்டேஷனில் இறங்கி, அருகிலுள்ள பூங்கா நகர் ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏற வேண்டும். 1997 முதல் அது திருமயிலை வரை ஓடுகிறது. இப்போது அதற்கும் அப்பால் செல்கிறது. திருமயிலையில் இறங்கினால் கபாலீசுவரர் கோயிலும் சில சபைகளும் நடை தூரத்தில் உள்ளன. பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் 2021 முதல் கட்டணம் இல்லை. தாயும் மகளுமாகச் செல்வோர் சபைக்குச் சபை போவதற்குக் காசே செலவிட வேண்டியதில்லை!

டிக்கெட் என்றதும் மிரள வேண்டாம். பெரிய வித்வான்களின் மாலைக் கச்சேரிக்குத்தான் விலை அதிகம். பகல் வேளையில் இளம் வித்வான்கள் பாடும் கச்சேரிகள் பலவற்றுக்குக் கட்டணமே கிடையாது. நாற்காலிகள் பாதி காலியாக இருக்கும். குழந்தையை முன்வரிசையில் உட்கார வைக்கலாம். தம்பூராவின் சுருதியும், வித்வானும் பக்கவாத்தியக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக் கொள்ளும் பார்வையும் வானொலியில் கிடைக்குமா? பசித்தால் சபைச் சிற்றுண்டிச் சாலை இருக்கிறது. அங்கே கூடும் கூட்டத்தைப் பார்த்தால், சங்கீத ரஸிகர்கள் அதிகமா, அடை ரஸிகர்கள் அதிகமா என்ற ஐயம் எழும்!

ஒன்று மட்டும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறோம். ரயிலையும் பஸ்ஸையும் நம்பி வருவோருக்குக் கடைசி வண்டியைப் பற்றிய கவலை உண்டு. அதனால் மிருதங்கத் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து செல்வது பலருக்கு வழக்கமாகிவிட்டது. வருஷக்கணக்கில் விரல் தேயச் சாதகம் செய்த ஒருவர் தம் வித்தையைக் காட்டும் நேரத்தில் முதுகைக் காட்டுவது மரியாதையாகுமா? வெளியூர்க்காரர்கள் பிற்பகல் நான்கு மணிக் கச்சேரியைத் தேர்ந்தெடுத்துக் கொள்ளலாம். மங்களம் வரை கேட்டுவிட்டு, இருட்டியதும் ரயில் ஏறிவிடலாம்.

நகையும் துணியும் வாங்கப் பட்டணம் போகும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. இந்த மார்கழியில் ஒரு குழந்தையின் காதுக்காகவும் ஒருமுறை போய் வரட்டும். அங்கே கேட்ட ராகத்தை அவள் உடன்குடிக்குத் திரும்பிய பின்பும் முணுமுணுத்துக் கொண்டிருந்தால், ரயில் கட்டணம் அன்றே வசூலாகிவிட்டதென்று பெற்றோர் கணக்கு எழுதிக் கொள்ளலாம்.