அமெரிக்காவில் தோட்டாவுக்குத் தட்டுப்பாடு வருவது ஏன்?

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது நாம் எதை வாங்கிச் சேர்த்தோம்? அரிசி, பருப்பு, எண்ணெய், குழந்தைக்குப் பால் மாவு. அதே மாதத்தில் அமெரிக்காவில் மளிகைக் கடைகளின் முன் மட்டுமல்ல, துப்பாக்கிக் கடைகளின் முன்னாலும் நீண்ட வரிசை நின்றது.

அந்நாட்டில் உரிமம் பெற்ற கடையில் துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியைப் பொதுவாக எஃப்.பி.ஐ. பதிவுகளில் சரிபார்ப்பார்கள். 1998 முதல் இந்த முறை இருக்கிறது. ஒரு சரிபார்ப்பு என்றால் ஒரு துப்பாக்கி விற்றது என்று பொருளல்ல. ஆனாலும் விற்பனையின் போக்கை அதிலிருந்து அறியலாம். 2019ல் சுமார் 2 கோடியே 84 இலட்சமாக இருந்த சரிபார்ப்புகள் 2020ல் சுமார் 3 கோடியே 97 இலட்சமாக உயர்ந்தன.

கிருமியைச் சுட முடியாது என்பது வாங்கியவர்களுக்கும் தெரியும். ஊர் குழம்பிப் போகும், காவல்துறை வந்து சேராது, நம்மை நாம்தான் காத்துக்கொள்ள வேண்டும் என்று அவர்கள் அஞ்சினார்கள்.

தடை வருமோ என்ற பயம்

இதற்கு முன்பே வேறொரு பயமும் இதே வேலையைச் செய்திருக்கிறது. 2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் நியூடவுனில் உள்ள சாண்டி ஹூக் தொடக்கப்பள்ளிக்குள் நுழைந்த ஒருவன் 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் சுட்டுக் கொன்றான். அடுத்த மாதமே அதிபர் ஒபாமா சில வகைத் துப்பாக்கிகளுக்குத் தடை கோரினார். 'சட்டம் வருவதற்குள் வாங்கிவிட வேண்டும்' என்று மக்கள் கடைகளுக்கு ஓடினார்கள். 2013 ஏப்ரலில் செனட் சபையில் அந்த முயற்சி தோற்றது. தடை வரவில்லை. வாங்கிய துப்பாக்கிகள் வீடுகளில் தங்கிவிட்டன.

தோட்டா எங்கே போனது?

துப்பாக்கியை ஒருமுறை வாங்கினால் போதும். தோட்டாவைத் திரும்பத் திரும்ப வாங்க வேண்டும். அதனால் தட்டுப்பாடு அதில்தான் கடுமையாக இருக்கும். பயிற்சிக்கும் சிறு வேட்டைக்கும் பயன்படும், விலை மிகக் குறைந்த .22 ரகத் தோட்டாகூட 2013க்குப் பின் நெடுநாள் சரியாகக் கிடைக்கவில்லை. ஆளுக்கு இத்தனை பெட்டிதான் என்று கடைகள் வரம்பு வைத்தன. வரம்பு வைத்ததும், தேவையில்லாதவரும் வரிசையில் வந்து நின்றார்.

அரசே தோட்டாக்களை வாங்கிப் பதுக்குகிறது என்று ஒரு வதந்தியும் பரவியது. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கணக்குகளை நாடாளுமன்றத்துக்கான தணிக்கை அலுவலகம் ஆராய்ந்து 2014 ஜனவரியில் அறிக்கை தந்தது. 2009 நிதியாண்டுக்குப் பின் அத்துறை வாங்கும் அளவு குறைந்தே வந்திருந்தது.

அப்படியென்றால் ஆலைகள் உற்பத்தியைக் கூட்டலாமே? அது எளிதல்ல. பல வகைத் தோட்டாக்களின் அடியில் 'பிரைமர்' என்ற சிறு மூடி இருக்கும். தீக்குச்சியின் மருந்துபோல முதலில் பற்றுவது அதுதான். அமெரிக்காவில் அதைப் பெருமளவில் தயாரிப்பவை சில நிறுவனங்களே. புதிய ஆலை கட்டப் பெரும் பணமும் காலமும் வேண்டும். அதற்குள் பயம் தணிந்துவிட்டால் வாங்க ஆள் இருக்காது. 2016ல் டிரம்ப் வென்றதும் தடை குறித்த அச்சம் நீங்கி விற்பனை சரிந்தது. பழம்பெரும் ரெமிங்டன் நிறுவனம் 2018ல் திவால் மனு கொடுத்தது. இதைப் பார்த்த முதலாளி எப்படித் துணிந்து ஆலை கட்டுவார்?

பயத்தின் விலை

வெல்லெஸ்லி கல்லூரியின் பொருளாதார ஆய்வாளர்கள் பிலிப் லெவின், ராபின் மெக்நைட் இருவரும் 2017ல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சாண்டி ஹூக்கிற்குப் பிந்தைய ஐந்து மாதங்களில் வழக்கத்தைவிடச் சுமார் 30 இலட்சம் துப்பாக்கிகள் கூடுதலாக விற்றன என்பது அவர்களின் மதிப்பீடு. தவறுதலாகத் துப்பாக்கி வெடித்து அக்காலத்தில் கூடுதலாக மரணித்தவர்கள் சுமார் 60 பேர். அவர்களில் சுமார் 20 பேர் குழந்தைகள். விற்பனை அதிகம் எகிறிய மாநிலங்களில் இத்தகைய மரணங்களும் அதிகம் உயர்ந்திருந்தன.

சற்று நிதானித்துப் பாருங்கள். பள்ளியில் இறந்த குழந்தைகள் 20. அதன் பின் எழுந்த பரபரப்பில், துப்பாக்கி தவறுதலாக வெடித்துக் கூடுதலாக இறந்த குழந்தைகளும் ஏறக்குறைய அதே எண்ணிக்கை.

நம் பிள்ளைகளும் உறவினரும் அமெரிக்காவில் வாழ்கிறார்கள். அந்நாட்டுக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் சொல்லும் அறிவுரை அவர்களுக்கும் பொருந்தும். துப்பாக்கி இல்லாத வீடே குழந்தைக்குப் பாதுகாப்பானது. இருந்தே தீர வேண்டுமானால், தோட்டாவை வெளியே எடுத்துவிட்டுத் துப்பாக்கியைப் பூட்டி வைக்க வேண்டும். தோட்டாவையும் வேறிடத்தில் பூட்ட வேண்டும். பிள்ளையை நண்பர் வீட்டுக்கு விளையாட அனுப்பும் முன், 'உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறீர்களா?' என்று கேட்டுவிடுங்கள். கேட்கச் சங்கடமாக இருக்கலாம். ஆனாலும் கேளுங்கள்.