தகட்டில் படியும் சுண்ணாம்பு

தில்லியில் மார்கழி மாதம். குழாயைத் திறந்தால் தண்ணீர் ஊசியாகக் குத்துகிறது. வாளியில் தண்ணீர் பிடித்து, மின்சார ராடைப் போட்டுக் காய்ச்சித்தான் குளிக்க முடியும். தமிழ்நாட்டிலிருந்து அங்கே வேலைக்குப் போன பல குடும்பங்களிலும் இந்த ராடு உண்டு.

புதிதாக வாங்கும்போது ராடு பளபளவென்று இருக்கும். போரிங் தண்ணீர் வரும் தெருக்களில் இரண்டு மூன்று மாதத்தில் அது வெள்ளையாகத் தடித்துவிடும். தண்ணீர் காயவும் நேரமாகும்.

"உப்புத் தண்ணி அக்கா, அதான் உப்புப் பூத்திருக்கு" என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்வாள்.

அது உப்புதானா? சோதித்துப் பார்க்கலாம். முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். ராடு ஆறிய பிறகு வெள்ளைப் பொருக்கில் ஒரு துண்டை உடைத்துத் தண்ணீரில் போடுங்கள். சோற்று உப்பாக இருந்தால் கரைந்துவிடும். இது கரையாது. இப்போது அதன் மேல் எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். புசுபுசுவென்று நுரை வரும். அது உப்பு அல்ல, சுண்ணாம்பு. சுவரில் அடித்த சுண்ணாம்பு காய்ந்து இறுகினால் என்ன ஆகுமோ, அதே பொருள்.

மழைநீரில் சுண்ணாம்பு கிடையாது. அது மண்ணுக்குள் இறங்கும்போது கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசாகப் புளிப்பாகிறது. தில்லி மண்ணில் கங்கர் என்னும் சுண்ணாம்புக் கற்கள் உண்டு. புளிப்பு நீர் அவற்றைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. நிலத்தடி நீர் கடினநீர் ஆவது இப்படித்தான். குடிநீருக்கான இந்தியத் தர அளவு (2012) ஒரு லிட்டரில் 200 மில்லிகிராம் கடினத்தன்மை வரை நல்லது என்கிறது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். தண்ணீரைக் காய்ச்சினால் கரியமில வாயு வெளியேறுகிறது. கரைந்திருந்த சுண்ணாம்பு கல்லாக ராடில் ஒட்டிக்கொள்கிறது.

இதே தொல்லை தில்லியின் நீச்சல் குளங்களிலும் உண்டு. அங்கே ஆளைப் பார்த்துக் கேள்வி கேட்பார்கள். குளத்துத் தண்ணீர் பச்சையானால் முதலில் திட்டு வாங்குவது அங்கே வேலை செய்பவர்தான்.

குளத்து நீரில் கிருமி பெருகாமல் இருக்கக் குளோரின் வேண்டும். ப்ளீச்சிங் பவுடரோ குளோரின் மாத்திரையோ போடுவது பழைய வழி. இன்னொரு வழி, குளத்து நீரிலேயே உப்பைக் கரைத்து, அதிலிருந்து மின்சாரத்தால் குளோரின் எடுப்பது. லிட்டருக்கு மூன்று முதல் நான்கு கிராம் உப்பு போதும். கடல் நீரில் இருப்பது சுமார் 35 கிராம். 25 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள குளத்தில் 3,75,000 லிட்டர் நீர் நிற்கும். அதற்கு ஐம்பது கிலோ மூட்டைகள் 26 வேண்டும்.

இயந்திரத்துக்குள் டைட்டானியம் தகடுகள் அடுக்கியிருக்கும். அவற்றின் மேல் ருத்தேனியம் போன்ற விலையுயர்ந்த உலோகப் பூச்சு உண்டு. உப்பு நீர் தகடுகளின் நடுவே ஓட, மின்சாரம் பாய்கிறது. ஒரு தகட்டில் குளோரின் உண்டாகிறது. எதிர்த் தகட்டின் அருகே நீர் காரமாகிறது. கார நீரில் சுண்ணாம்பு கரைந்து நிற்காது. காய்ச்சாமலே தகட்டில் படிந்துவிடுகிறது. பழி உப்பின் மேல் விழும். உண்மையில் குற்றவாளி இங்கேயும் சுண்ணாம்புதான்.

படிவு தடித்தால் குளோரின் குறையும். உப்பு போதவில்லை என்று இயந்திரம் விளக்குக் காட்டுவதும் உண்டு. அதை நம்பி மூட்டை மூட்டையாக உப்புக் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது வீண் செலவு. முதலில் தகட்டைப் பார்க்க வேண்டும்.

நம் குளத்தில் எவ்வளவு சுண்ணாம்பு இருக்கிறது? லிட்டருக்கு 400 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள போரிங் நீரை நிரப்பினால், அந்தக் குளத்தில் கரைந்திருப்பது 150 கிலோ! வெயில் காலத்தில் நீர் ஆவியாகும். சுண்ணாம்பு ஆவியாகாது. ஒரு சென்டிமீட்டர் நீர் இறங்கினால் 2,500 லிட்டர் குறையும். அதைப் போரிங் நீரால் நிரப்பும் ஒவ்வொரு முறையும் இன்னும் ஒரு கிலோ சுண்ணாம்பு சேர்கிறது. அதனால் கடினத்தன்மை 400-ஐத் தாண்டினால் கொஞ்சம் நீரை வெளியேற்றி, கடினம் குறைந்த நீரைச் சேர்க்க வேண்டும். மழைநீரைச் சேர்த்து வைத்திருந்தால் அது மிக நல்லது.

இதைவிட முக்கியமானது பி.எச். அளவு. ஏழுக்கு மேலே போகப் போகக் காரம், கீழே போகப் போகப் புளிப்பு. குளத்து நீர் 7.2-க்கும் 7.6-க்கும் இடையில் இருக்கட்டும். இந்த இயந்திரம் ஓட ஓட பி.எச். தானாகவே ஏறும். ஆகவே தினமும் சோதிக்க வேண்டும். பல இயந்திரங்கள் சில மணிக்கு ஒரு முறை மின்சாரத்தின் திசையை மாற்றிப் படிவைத் தாமே உதிர்த்துக்கொள்ளும். இருந்தாலும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தகட்டைக் கழற்றிப் பார்ப்பது நல்லது.

படிவு இருந்தால்? கத்தி, கம்பி பிரஷ் எதுவும் கூடாது. பூச்சு போனால் தகடு போனது. புதுத் தகட்டின் விலை மிக அதிகம். மின்சாரத்தையும் பம்பையும் நிறுத்திவிட்டு, முதலில் குழாய் நீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். அதிலும் போகாததற்கு மட்டுமே ஆசிட். பெரும்பாலும் நான்கு பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு ஆசிட் போதும். இயந்திரத்தோடு வந்த குறிப்பில் வேறு அளவு இருந்தால் அதன்படி செய்யுங்கள். நுரை நின்றால் சுண்ணாம்பு தீர்ந்தது என்று பொருள். உடனே எடுத்துக் கழுவிவிட வேண்டும். அதிக நேரம் ஊறினால் ஆசிட் பூச்சையே அரிக்கும்.

வாளியில் முதலில் தண்ணீர், பிறகுதான் ஆசிட். மாற்றி ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு திறந்தவெளியில் செய்ய வேண்டும். மேலே பட்டால் நிறையத் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள். ஆசிட் விற்பனைக்கு 2013-இல் உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்தது. 18 வயது நிரம்பியவர், அடையாள அட்டை காட்டி, காரணம் சொல்லித்தான் வாங்க முடியும்.

ஆசிட் இருந்த வாளியில் ப்ளீச்சிங் பவுடரைப் போடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். 1915-இல் முதல் உலகப் போரில் ஜெர்மன் படை எதிரிகள் மீது ஏவியது இந்த வாயுவைத்தான். பம்பு அறை சின்னது, ஜன்னல் இருக்காது. இரண்டு பொருளையும் ஒரே அலமாரியில் வைப்பதுகூட ஆபத்து. கண் எரிந்து இருமல் வந்தால் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடிவிட வேண்டும். வாளியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டு ராடுக்கு இத்தனை பாடு இல்லை, ஆசிட்டும் வேண்டாம். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு கிடைக்கும். தில்லிக் கடையில் நிம்பு சத் என்று கேளுங்கள். வெந்நீரில் இரண்டு கரண்டி கரைத்து, பிளக்கைப் பிடுங்கிய ராடின் சுருள் பகுதியை மட்டும் அரை மணி நேரம் ஊற வைத்தால் பொருக்கு இளகிவிடும். கழுவித் துடைத்த பிறகு, ராடை வாளி நீரில் இறக்கிவிட்டுத்தான் பிளக்கைச் சொருக வேண்டும்.