நெட்டிக் கோபுரமும் பதினேழு வளைவுகளும்

மூட்டை கட்டும் வித்தையைப் போடிநாயக்கனூர்க்காரனுக்கு ஒருவரும் வந்து போதிக்க வேண்டியதில்லை என்று நான் நெடுங்காலம் கர்வங்கொண்டிருந்தேன். மலையில் விளைந்த ஏலக்காயின் பச்சை மங்காதிருக்கும்பொருட்டு, உள்ளே கறுப்புப் பாலிதீன் உறையும் வெளியே சணல் சாக்குமாக இரட்டைக் கட்டுக் கட்டி, ஈரக்காற்று புகாதபடி வாயை இறுக்கித் தைத்து, தேசமெங்கும் அனுப்பிப் பழகிய ஊர் இது. 1924ஆம் வருஷத்துப் பெருவெள்ளம் மூணாற்று ரயிலை அழித்துவிடுவதற்கு முன்னால், டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கிய தேயிலைப் பெட்டிகளும் எங்கள் ஊர் வழியாகத்தான் வெளியூர் போயின. இத்தனை பரம்பரைப் பழக்கம் இருந்தும், தஞ்சாவூரிலிருந்து வந்த ஒரு நெட்டிக் கோபுரத்தின் முன்னால் என் கர்வம் பங்கமுற்றது.

நெட்டி என்பது குளத்திலும் சதுப்பிலும் வளரும் ஒரு செடியின் தண்டு. மேல்தோலைச் சீவிவிட்டால் உள்ளே தந்தம்போல் வெளுத்த, கையில் வைத்தால் கனமே தெரியாத சோறு இருக்கும். அதைக் கூரிய கத்தியால் இழை இழையாகச் செதுக்கிப் பெரிய கோயிலையே கண்ணாடிப் பெட்டிக்குள் எழுப்பிவிடுகிறார்கள் தஞ்சைக் கைவினைஞர்கள். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கலை இது. 1010இல் ராஜராஜன் கட்டி முடித்த விமானத்தின் உயரம் 216 அடி என்பார்கள். போடிமெட்டுக்கு அப்பால் வீடு கட்டிய தங்கை மகனின் கிருகப்பிரவேசத்துக்கு நான் தருவித்தது இரண்டடி உயரம், அதாவது அசலில் நூற்றெட்டில் ஒரு பங்கு.

பார்சல் ஆபீசில் பெட்டி வெளிப்பார்வைக்குச் செம்மையாகவே இருந்தது; ‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்று அச்சிட்டிருந்த இடத்தில் கையெழுத்திட்டு, ஜீப்பில் ஏற்றி, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் மடியிலேயே வைத்துக் கடந்து, மேலே போய்த் திறந்தேன். கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே விமானத்தின் மேல்தளங்கள் பொரி பொரியாக உதிர்ந்து, கலசம் உருண்டோடி நந்தியின் காலடியில் கிடந்தது. சேதம் லாரியில் நேர்ந்ததா, என் ஜீப்பில் நேர்ந்ததா என்று கேட்டால் சொல்வதற்கு என்னிடம் சாட்சியமில்லை; ஆகவே நஷ்டஈடும் இல்லை.

இப்பொருள்கள் உடைவது பெரும்பாலும் மோதலால் அல்ல, உள்ளாட்டத்தால்தான் என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன். கட்டினவர் கண்ணாடியைச் சுற்றி மெத்தை மெத்தையாகத் தாள் அடைத்துவிட்டு, பீடத்தோடு இரண்டே சொட்டுப் பசையில் நின்ற கோபுரத்தை மறந்துவிட்டார். பீடத்தைத் தளப்பலகையில் திருகாணியால் பிணைத்து, கலசம் முதலிய நுனிப்பொருள்களைக் கழற்றித் தனியே பொதிந்து, நெட்டியின் மேல் எந்தப் பொருளும் சாயாமல் உள்பெட்டியை மூடி, அந்த உள்பெட்டி வெளிப்பெட்டிக்குள் எல்லாப் பக்கமும் இரண்டங்குல மென்பொருளால் தாங்கப்பட்டு மிதப்பதுபோல் அமைத்து, இறுதியில் மெல்ல அசைத்துப் பார்த்து, உள்ளே சப்தம் கேட்டால் மீண்டும் பிரித்துக் கட்டுவதே முறை. பழைய வழக்கப்படி வைக்கோல் அடைப்பது கூடாது. அது ஈரத்தையும் பூச்சியையும் கூடவே அழைத்துவரும். தென்மேற்குப் பருவக்காற்றில் மலைச்சரிவுக்கு அனுப்புவதானால், ஏலக்காய்க்குச் செய்வதுபோலவே பாலிதீன் உறையிட்டு, நீருறிஞ்சும் பொட்டலம் இரண்டு உள்ளே போடுதல் நலம். ஈரம் குடித்த நெட்டி பூசணம் பிடித்துப் பாழாகும்.

ரசீது விஷயம் இதைவிட நுட்பமானது. கூரியர் ஸ்தாபனங்கள் பெட்டியின் நீள அகல உயரங்களைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5,000ஆல் வகுத்து, அதையே எடையெனக் கொண்டு கட்டணம் வாங்குகின்றன. அறுபதுக்கு அறுபதுக்கு நூறு என்றால் எழுபத்திரண்டு கிலோவுக்குக் கூலி. தராசில் நிறுத்தால் எட்டுக் கிலோதான் இருக்கும். உடைந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். ரயில் பார்சலில் மதிப்பை அறிவிக்காமல் அனுப்பிய சாதாரணப் பொருளுக்கு ரயில்வேயின் பொறுப்பு கிலோவுக்கு 50 ரூபாய் என்ற அளவோடு நின்றுவிடும். ஒன்பதாயிரம் ரூபாய்க் கோபுரத்துக்கு நானூறு ரூபாய். லாரிப் பார்சலுக்கான 2007ஆம் வருஷத்துச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின் விதிகளோ, அனுப்புகிறவர் கூடுதல் மதிப்பை எழுதி அதற்குரிய கூடுதல் கட்டணம் செலுத்தாதவிடத்து, நஷ்டஈட்டைக் கூலியின் பத்து மடங்குக்கு மேல் போகவிடுவதில்லை. ஸ்பீடு போஸ்டிலும் இன்ஷூரன்ஸ் செய்யாவிட்டால் அற்பத் தொகைதான். கையெழுத்திட்ட ரசீதிலுள்ள 100 டாலர் வரம்பு அனுப்பியவரைக் கட்டுப்படுத்தும் என்று 1996இல் உச்ச நீதிமன்றமே ஒரு கூரியர் வழக்கில் சொல்லியிருக்கிறது. காற்றைப்போல் கனமற்ற பொருளை அனுப்புகிறவர் மதிப்பை எழுதாமல் விடுவது, அதை இனாமாக ஒப்படைப்பதற்குச் சமானம்.

ஆகவே மதிப்பை எழுதச் செய்யுங்கள்; விலைச்சீட்டையும், மூடுவதற்கு முன் எடுத்த புகைப்படங்களையும் வைத்துக்கொள்ளுங்கள். பெறுகிறவர், பெட்டி நசுங்கியோ ஈரம்பட்டோ இருந்தால், ஆள் அவசரப்படுத்தினாலும் பொருட்படுத்தாமல் அங்கேயே திறந்து பார்த்து, சேதத்தை ரசீதில் எழுதிய பின்னரே கையெழுத்திட வேண்டும். ரயிலில் அவ்விதம் சேதமுற்று வந்த கட்டைத் திறந்து காட்டி ஒப்படைக்கும்படி கேட்பது 1989ஆம் வருஷத்து ரயில்வே சட்டம் தந்த பாத்தியதை. லாரி ஸ்தாபனத்துக்கு, பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் சேர்ந்திருக்க வேண்டும்; ரயில்வேக்கு ஆறு மாதம், வழக்கு அதன் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில். லாரிக்காரரின் அஜாக்கிரதையை நாம் நிரூபிக்க வேண்டுமென்பதில்லை என்பது பலருக்கும் தெரியாத சலுகை.

அப்பாலும் லாரி, கூரியர் ஸ்தாபனத்தார் மௌனம் சாதித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அல்லது நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே, எங்களுக்கென்றால் தேனியில், நுகர்வோர் ஆணையத்தை இரண்டு வருஷத்துக்குள் அணுகலாம். சேவைக்குச் செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை கட்டணமில்லை, வக்கீல் அவசியமில்லை. சொந்த உழைப்பால் ஜீவனம் நடத்தும் கைவினைஞரும் நுகர்வோரே. வியாபாரத்துக்காக அனுப்பியது என்று சொல்லி அவரைத் தள்ளிவிட முடியாது.

இரண்டாவது கோபுரத்தைத் தருவித்தபோது ஒன்பதாயிரம் என்று ரசீதில் எழுதவைத்தேன். கலசம் பஞ்சில் பொதிந்து ஒரு தீப்பெட்டிக்குள் தனியே வந்தது. மலைவீட்டில் அதை நானே நட்டேன். சற்றுச் சாய்ந்திருக்கிறது; அது என் கைத்தவறு, அதற்கு எந்த ஆணையத்திலும் பரிகாரமில்லை.