தோட்ட வாயிற்கதவு ஒளிப்படம்: அமைப்பும் திருத்தமும்

தோட்ட வாயிற்கதவு ஒளிப்படம் என்பது தோட்டத்திற்குள் செல்லும் கேட், படல் அல்லது மரக்கதவைக் கருவாகக் கொண்டு, அந்த இடத்தின் ஒளியையும் ஈரத்தையும் அமைதியையும் பார்ப்பவர் உணரும்படி எடுக்கப்படும் படமாகும். கதவு மட்டும் தெளிவாகத் தெரிந்தால் அது ஒரு பொருளின் படம். கதவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கத் தோன்றினால் அது சூழலை உணர்த்தும் படம். இதற்கு விலை உயர்ந்த கருவி கட்டாயமில்லை. கீழே கூறப்படும் பலவற்றைக் கைப்பேசியிலேயே செய்து பார்க்கலாம்.

முன்னோடிப் படங்கள்

வாயிலைக் கருவாகக் கொண்ட படம் ஒளிப்படக் கலையின் தொடக்கக் காலத்திலேயே தோன்றிவிட்டது. இங்கிலாந்தின் வில்ட்சயர் பகுதியிலுள்ள லேக்காக் மடத்தில் வாழ்ந்த வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட், 1844இல் 'திறந்த கதவு' என்ற படத்தை எடுத்தார். பாதி திறந்த கதவு, அதன் அருகே சாய்த்து வைத்த துடைப்பம், சுவரில் தொங்கும் லாந்தர் விளக்கு, உள்ளே இருட்டு ஆகியவையே அப்படத்தில் உள்ளவை. இதே காட்சியை அவர் முந்தைய ஆண்டுகளிலும் எடுத்துப் பார்த்து, படிப்படியாகச் செம்மைப்படுத்தினார். சாதாரணப் பொருளும் சரியான ஒளியில் கலைப்பொருளாகும் என்பதற்கு இது நல்ல சான்று.

அமெரிக்கரான டபிள்யூ. யூஜின் ஸ்மித் 1946இல் எடுத்த படத்தில் அவருடைய இரு குழந்தைகள் கைகோர்த்தபடி, இருண்ட இலைத் திரையைக் கடந்து ஒளி நிறைந்த வெளிக்குள் நடக்கின்றனர். அங்கே கதவு எதுவும் இல்லை, இலைகளே வாயிலாகின்றன. போரில் படுகாயமுற்றுத் தேறிவந்த காலத்தில் அவர் எடுத்த இப்படம், 1955இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் நடந்த 'மனிதக் குடும்பம்' கண்காட்சியின் நிறைவுப் படமாக வைக்கப்பட்டது. இருளிலிருந்து ஒளிக்குச் செல்லும் வழி என்பதே வாயில் படத்தின் அடிப்படை என்பதை இது காட்டுகிறது.

ஒளியும் நேரமும்

சூரியன் தொடுவானிலிருந்து ஏறக்குறைய 6 பாகை உயரத்திற்குள் இருக்கும் நேரத்தைப் 'பொன்னொளி நேரம்' என்பர். மேலைநாட்டு நூல்கள் இதை ஒரு மணி நேரம் என்று குறிப்பிடுவதுண்டு. நம் பகுதிக்கு அது பொருந்தாது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் சூரியன் ஏறக்குறைய நேர்குத்தாக மேலேறுகிறது. ஒரு மணி நேரத்தில் சுமார் 15 பாகை ஏறுவதால், 6 பாகையைக் கடக்க ஏறத்தாழ 25 நிமிடங்களே ஆகும். எனவே தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ படமெடுப்பவர் சூரியன் உதிக்கும் முன்பே இடத்தைப் பார்த்து, கருவியை நிறுத்திக் காத்திருக்க வேண்டும்.

மார்கழி, தை மாதங்களின் விடியற்காலைப் பனிமூட்டமும், மழை விட்டவுடன் வரும் மென்மையான ஒளியும் இவ்வகைப் படத்திற்கு ஏற்றவை. பனிமூட்டம் தொலைவிலுள்ளவற்றை வெளிறச் செய்கிறது. அருகிலுள்ள கதவு கருமையாக நிற்கிறது. இந்த வேறுபாடே படத்திற்கு ஆழம் தருகிறது.

சூரியன் கதவுக்குப் பின்னால் இருக்குமாறு நின்றால் இலைகளினூடே ஒளி ஊடுருவும். கதவுக் கம்பிகளின் நிழல் நம்மை நோக்கி நீளும். சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருந்தால் எல்லாம் தெளிவாகத் தெரியும். ஆனால் படம் தட்டையாக இருக்கும்.

சட்டக அமைப்பு

1. கதவைப் பாதி திறந்து வைக்கவும். மூடிய கதவு பார்வையைத் தடுக்கிறது. முழுதும் திறந்த கதவு கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது.

2. கதவுக்கு அப்பால் செல்லும் பாதை, படத்தின் கீழ் மூலையிலிருந்து தொடங்குமாறு நிற்கவும். கண் அப்பாதை வழியே உள்ளே செல்லும்.

3. கருவியை மார்பளவு உயரத்தில், மேலும் கீழும் சாய்க்காமல் பிடிக்கவும். மேல்நோக்கிச் சாய்த்தால் இரு தூண்களும் உச்சியில் ஒன்றையொன்று நோக்கிச் சாய்வது போலத் தோன்றும்.

4. படத்தில் மிக வெளிச்சமான இடத்திற்கே கண் முதலில் செல்லும். அது கதவுக்கு அப்பாலுள்ள பாதையாக இருக்கட்டும். மேல் விளிம்பில் தெரியும் வெள்ளை வானமாகவோ ஓரத்தில் கிடக்கும் பிளாஸ்டிக் பையாகவோ இருக்கக் கூடாது.

5. நான்கு ஓரங்களையும் ஒருமுறை பார்த்த பின்பே படமெடுக்கவும். மின்கம்பி, வாளி, பாதி வெட்டுப்பட்ட பூந்தொட்டி போன்றவை அங்கேதான் ஒளிந்திருக்கும். அவற்றைப் பின்னர் கணினியில் அழிப்பதைவிட இரண்டடி தள்ளி நிற்பது எளிது.

ஒளியளவைத் தீர்மானித்தல்

கருவியின் ஒளிமானி, தான் காணும் காட்சியைச் சராசரிச் சாம்பல் நிறமாகவே கருதுகிறது. வெண்மையான பனிமூட்டத்தையும் அது சாம்பலாக்கிவிடும். அப்போது ஒளியளவை முக்கால் முதல் ஒரு நிறுத்தம் வரை கூட்ட வேண்டும். மாறாக, கதவுக்குப் பின்னால் கதிரவன் நேராகத் தெரிந்தால் ஒளியளவைச் சற்றுக் குறைக்க வேண்டும். முழுதும் வெளுத்துப்போன இடத்தில் விவரம் எதுவும் பதிவாகாது. எந்தத் திருத்தத்தாலும் அதை மீட்க முடியாது. ஓரளவு இருண்ட இடத்திலிருந்து விவரத்தைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

கதவும் பாதையும் தெளிவாக வேண்டுமெனில் துளை அளவு எஃப் 8, ஐஎஸ்ஓ 100 அல்லது 200 என வைத்து முக்காலியைப் பயன்படுத்தலாம். வெண்சமநிலையைத் தானியங்கியில் விட்டால், விடியற்காலையின் பொன்னிறத்தைக் கருவி ஒரு குறையாக எண்ணிச் சரிசெய்துவிடும். 'பகலொளி' அல்லது 'மேகமூட்டம்' என்ற அமைப்பைத் தேர்ந்தால் நிறம் காக்கப்படும்.

வசதி இருந்தால் 'ரா' கோப்பாகப் பதியவும். ஜேபெக் கோப்பு ஒவ்வொரு வண்ணத்திற்கும் 256 படிநிலைகளையே வைத்திருக்கும். 14 பிட் ரா கோப்பில் 16,384 படிநிலைகள் உள்ளன. திருத்தும்போது நிறம் பட்டை பட்டையாகப் பிரியாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

திருத்தும் வரிசை

கணினியில் டார்க்டேபிள், கிம்ப் ஆகிய இலவச மென்பொருள்களையும், கைப்பேசியில் ஸ்னாப்சீட் செயலியையும் பயன்படுத்தலாம். எந்த மென்பொருளாயினும் வரிசை ஒன்றே.

முதலில் சாய்வை நேராக்கி, தேவையற்ற ஓரங்களை வெட்டவும். அடுத்து நிற வெப்பநிலையையும் ஒளியளவையும் சரிசெய்யவும். மூன்றாவதாக, பகுதி பகுதியாக ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் செய்யவும்: பாதையைச் சிறிது வெளிச்சமாக்கி, முன்பக்கப் புதர்களையும் ஓரங்களையும் சற்று இருளாக்கவும். முன்பு இருட்டறையில் தாளின் மீது விழும் ஒளியைக் கையால் மறைத்தும் கூட்டியும் செய்த வேலைதான் இது. கடைசியாக நிறச்செறிவையும் கூர்மையையும் கவனிக்கவும்.

பலரும் தவறுவது இரண்டு இடங்களில். ஒன்று, நிறச்செறிவை மிகுதியாகக் கூட்டுவது. இலைகள் சாயம் பூசியவை போலாகிவிடும். மற்றொன்று, 'தெளிவு', 'மூட்டம் நீக்கு' என்ற அமைப்புகளைக் கூட்டுவது. எந்தப் பனிமூட்டத்திற்காக விடியலில் காத்திருந்தோமோ அதையே அவை துடைத்துவிடும். சூழல் படத்திற்கு இவற்றைக் கூட்டாமல் விடுவதே நல்லது. சிறிது குறைத்தும் பார்க்கலாம். திருத்தி முடித்த படத்தை மறுநாள் மீண்டும் பார்த்தால் மிகைப்பட்ட இடங்கள் தாமே புலப்படும்.

எதுவரை திருத்தலாம்?

இருந்த ஒளியை எடுத்துக்காட்டுவது வேறு. இல்லாததைச் சேர்ப்பது வேறு. வெயில் காயும் முற்றத்தில் பனியைச் சேர்க்கவும், கதவுக்கு மேலே முழு நிலவை ஒட்டவும் இன்றைய மென்பொருள்களால் சில நொடிகளில் முடியும். அதைக் கற்பனைப் படம் என்று சொல்லி வெளியிடுவதில் தவறில்லை. நிகழ்ந்த காட்சி என்று தருவதே தவறு.

ஒரு கதவைக் கொண்ட படமே இதற்கு உதாரணமாக உள்ளது. 2009ஆம் ஆண்டின் சிறந்த காட்டுயிர் ஒளிப்படமாக, பண்ணைக் கதவைத் தாண்டிக் குதிக்கும் ஓநாயின் படம் ஒன்று லண்டனில் தேர்வானது. அந்த ஓநாய் பழக்கப்படுத்தப்பட்ட விலங்காக இருக்கக்கூடும் என்று நடுவர்கள் முடிவு செய்ததால், 2010இல் அப்பரிசு திரும்பப் பெறப்பட்டது. ஒளிப்படக் கலைஞர் அதை மறுத்தார். படத்தின் அழகு பற்றி அங்கே விவாதம் இல்லை. அது உண்மையா என்பதே கேள்வியாயிற்று.

வீட்டுத் தோட்டத்துக் கதவுக்கும் இது பொருந்தும். மரக்கதவு உளுத்துப்போகும், வீடு கைமாறும், சாலை விரிவாக்கத்தில் மதிலும் போகும். அதன் பிறகு அந்த வாயில் எப்படி இருந்தது என்பதற்கு அந்தப் படமே சான்றாக நிற்கும். ஆகவே திருத்தாத மூலக் கோப்பை அழிக்காமல் தனியே வைத்து, எடுத்த நாளையும் இடத்தையும் குறித்து வைக்க வேண்டும். திருத்திய படம் நம் உணர்வைச் சொல்லும். மூலப் படம் அந்த இடத்தைச் சொல்லும். இரண்டும் பின்னால் வருபவர்களுக்குத் தேவைப்படும்.